எக்ஸி ஓடவில்லையா? என்ன செய்கிறது என்று முதலில் சொல்லுங்கள்

பரந்தன் பக்கத்தில் ஒரு நெல் ஆலைக்கு பைதானில் சின்னப் புரோகிராம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மூடையின் எடையைக் கேட்கும், வெறும் சாக்கின் எடையைக் கழிக்கும், ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டினால் அதற்கும் ஒரு கழிவு போடும், கடைசியில் கிலோவிலும் புசலிலும் கணக்குச் சொல்லிக் காசையும் சொல்லும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். எழுதி முடிக்க இரண்டு பின்னேரம் போனது. அதை எக்ஸி, அதாவது பைதான் நிறுவாத கணினியிலும் இரட்டைக் கிளிக்கில் ஓடும் கோப்பு, ஆக்கி ஆலையின் பழைய கணினியில் ஒழுங்காக ஓட வைக்க இரண்டு கிழமை போனது, அதுவும் காலபோக அறுவடை நேரத்தில், வெளியே உழவு இயந்திரப் பெட்டிகள் வரிசையில் நிற்கும்போது.

இப்போது உயர்தரத்தில் ஐசிடி எடுக்கிற பிள்ளைகள் படிப்பது பைதான்தான். அதனால் கிளிநொச்சியிலிருந்தும் மல்லாவியிலிருந்தும் இதே கேள்வி வந்துகொண்டே இருக்கிறது, அதுவும் "அண்ணை, எக்ஸி வேலை செய்யுதில்லை" என்ற ஒரே வசனத்தில். வேலை செய்யவில்லை என்றால் என்ன? திறந்து மூடுகிறதா, திறக்கவே இல்லையா, திறந்து பிழையான விடை சொல்கிறதா? காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே குளிசை கொடுக்க முடியாது. ஆகவே அறிகுறி வாரியாக எழுதுகிறேன், உங்களுடையது எதுவோ அங்கே போங்கள்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். நான் சொல்வதெல்லாம் விண்டோசில், பைதான் கோப்பை எக்ஸி ஆக்கும் பைஇன்ஸ்டாலர் என்ற கருவியை வைத்து. அடிப்படைக் கட்டளை இதுதான்: பைஇன்ஸ்டாலர் --ஒன்ஃபைல் நெல்.பிஒய். ஓடி முடிந்ததும் டிஸ்ட் என்ற கோப்புறைக்குள் நெல்.எக்ஸி இருக்கும். பில்ட் என்று இன்னொரு கோப்புறையும் வரும், அது தட்டுமுட்டுச் சாமான், அதற்குள் இருந்து எதையும் ஆருக்கும் கொடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள், கீழே வரும் பாதிப் பிரச்சினைக்கு அதுதான் வேர். பைஇன்ஸ்டாலர் உங்கள் புரோகிராமை எந்திர மொழிக்கு மாற்றவில்லை. பைதானையும், நீங்கள் இம்போர்ட் செய்த மொடியூல்களையும், உங்கள் கோப்பையும் ஒரே பொட்டலமாகக் கட்டுகிறது. --ஒன்ஃபைல் போட்டால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தப் பொட்டலம் விண்டோசின் டெம்ப் கோப்புறைக்குள் அவிழ்ந்து, அங்கிருந்து ஓடி, மூடும்போது அவிழ்த்ததை அழித்துவிட்டுப் போகிறது.

"கறுப்பு யன்னல் வந்த உடனை ஓடுது"

எல்லோருக்கும் முதலில் வருவது இது. எக்ஸியை இரட்டைக் கிளிக் செய்கிறோம், கறுப்பு யன்னல் மின்னலாக வந்து மறைகிறது. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, புரோகிராம் ஒழுங்காக ஓடி முடிந்துவிட்டது. முடிந்தால் யன்னலும் மூடும், அது அதன் இயல்பு. மற்றது, பிழை வந்து செத்துவிட்டது. வெளியே இருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரித்தான்.

எது என்று அறிய, எக்ஸி இருக்கும் கோப்புறையைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் சிஎம்டி என்று தட்டி என்டர் அடியுங்கள். அந்த இடத்திலேயே கமாண்ட் புரொம்ட் திறக்கும். அதற்குள் எக்ஸியை இழுத்துப் போட்டு மீண்டும் என்டர். இப்போது புரோகிராம் செத்தாலும் யன்னல் நிற்கும், பிழைச் செய்தி கண்ணுக்கு முன்னால் இருக்கும். அதில் கடைசி வரியைத்தான் முதலில் வாசிக்க வேண்டும், மேலே உள்ள நீண்ட புராணத்தைப் பிறகு பார்க்கலாம். என்னிடம் கேட்கிறவர்களில் பாதிப்பேருக்கு இந்த ஒரு வரியை வாசித்த உடனே தங்கள் பிரச்சினை விளங்கிவிடுகிறது, எனக்குப் பதில் எழுதுகிற வேலை மிச்சம்.

பிழை ஒன்றும் இல்லை, ஓடி முடிந்து மூடுகிறது என்றால், புரோகிராமின் கடைசியில் இன்புட் ஒன்று போட்டு "முடிக்க என்டர் அடிக்கவும்" என்று எழுதிவிடுங்கள். கொடுக்கப் போவது கணினி தெரியாத ஒருவருக்கு என்றால் இன்னும் ஒரு படி போகலாம்: முழுப் புரோகிராமையும் ஒரு ட்ரை, எக்செப்டுக்குள் வைத்து, பிழை வந்தால் டிரேஸ்பாக் மொடியூலைக் கொண்டு அதை பிழை.டிஎக்ஸ்டி என்ற கோப்பில் எழுதி, பிறகு என்டருக்குக் காத்திருக்கச் சொல்லுங்கள். ஆலை ஐயா தொலைபேசியில் "தம்பி, என்னவோ இங்கிலீசிலை நிறைய வந்துது, நான் மூடிப்போட்டன்" என்று சொன்ன நாளில் எனக்கு இந்தப் புத்தி வந்தது.

"யன்னலே வரேல்லை" அல்லது "லொஸ்ட் சிஸ்.எஸ்டிடிஇன் என்று வருகுது"

கறுப்பு யன்னல் வடிவில்லை என்று நினைத்து --நோகன்சோல் அல்லது -டபிள்யூ போட்டிருப்பீர்கள். அது பொத்தான், பெட்டி எல்லாம் வைத்து எழுதும் புரோகிராம்களுக்கு. யன்னலை எடுத்துவிட்டால் இன்புட் எங்கே போய்க் கேட்கும்? அந்த --நோகன்சோலை எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். வேறு ஒன்றும் இல்லை.

"என்னுடையதில் ஓடுது, அங்கை ஓடுதில்லை"

முதலில் அங்கே இருக்கும் விண்டோஸ் எது, 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். கணினிக்கு வலது கிளிக், புரொப்பர்ட்டீஸ், அங்கே இருக்கும். நான் இதைப் பார்க்காமல் போய்த்தான் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் செலவழித்தேன்.

ஆலையில் இருந்தது விண்டோஸ் 7, அதுவும் 32 பிட். என்னுடையது விண்டோஸ் 11. 64 பிட் பைதானால் கட்டிய எக்ஸி 32 பிட் விண்டோசில் ஓடவே ஓடாது; இந்தப் பதிப்பு உங்கள் விண்டோசுக்குப் பொருந்தாது என்ற மாதிரி ஒரு பெட்டி வரும். மறுபக்கம் பிரச்சினை இல்லை, 32 பிட் பைதானால் கட்டியது வழக்கமான 64 பிட் விண்டோசிலும் ஓடும். அடுத்தது பைதானின் பதிப்பு. பைதான் 3.9 முதல் விண்டோஸ் 7ஐக் கைவிட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த பைதானால் கட்டினால், ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத் என்று தொடங்கும் ஒரு டிஎல்எல் (விண்டோசின் துணைக் கோப்பு) இல்லை என்று பெட்டி வரும். அந்தப் பெயரை கூகிளில் தேடி, கண்ட இணையத்தளத்தில் இருந்து டிஎல்எல்லை இறக்கி சிஸ்டம்32க்குள் போடாதீர்கள். அது மருந்தில்லை, பெரும்பாலும் புது வருத்தம்.

மருந்து இது: பைதான் 3.8.10, 32 பிட் நிறுவியை பைதானின் சொந்தத் தளத்தில் இருந்து எடுத்து உங்கள் கணினியிலேயே பக்கத்தில் நிறுவுங்கள். 3.8 வரிசையில் விண்டோஸ் நிறுவியோடு வந்த கடைசிப் பதிப்பு அது. புதிய பைதானை அழிக்கத் தேவையில்லை, இரண்டும் சண்டை பிடிக்காமல் இருக்கும். கட்டும்போது மட்டும் பிஒய் -3.8-32 -எம் பைஇன்ஸ்டாலர் என்று (இங்கே பி, ஐ இரண்டும் பெரிய எழுத்து) தொடங்கிக் கட்டுங்கள், அதற்கு முதல் அதே பைதானுக்கு பிப் என்ற நிறுவும் கருவியால் பைஇன்ஸ்டாலரையும் போட்டிருக்க வேண்டும். 3.8க்குப் பிறகு வந்த வசதி எதையாவது, மெச் கேஸ் மாதிரி, பயன்படுத்தியிருந்தால் பழையபடி இஃப், எலிஃப் என்று மாற்றி எழுதத்தான் வேண்டும்.

பழைய கணினிக்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்பீர்கள். புதியது வாங்குங்கள் என்று நெல் விலை கேட்டு வந்து நிற்கிற மனிதரிடம் என்னால் சொல்ல முடியவில்லை.

இதே வகையில் இன்னொன்று. லினக்சில் கட்டியது விண்டோசில் ஓடாது. பைஇன்ஸ்டாலர் தான் ஓடுகிற இயங்குதளத்துக்கு மட்டும்தான் கட்டும். அறிவியல்நகரில் படிக்கிற ஒரு தங்கச்சி உபுண்டு மடிக்கணினியில் கட்டி, பெயருக்குப் பின்னால் எக்ஸி என்று தானே சேர்த்து அனுப்பியிருந்தா. பெயரை மாற்றினால் ஆள் மாறுமா? விண்டோஸ் உள்ள ஒரு கணினியைப் பிடித்து அங்கே கட்டுவதுதான் வழி.

"நேற்றுப் பதிஞ்சது இண்டைக்கு இல்லை"

இதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிழைச் செய்தியே வராத பிழை இதுதான்.

என் புரோகிராம் ஒவ்வொரு நிறுவையையும் கணக்கு.சிஎஸ்வி என்ற கோப்பில் சேர்த்து வைக்கும். கோப்பு இல்லாவிட்டால் புதிதாக ஒன்று உருவாக்கும். கோப்பின் இடத்தை நான் கேட்டது புரோகிராமின் சொந்தக் கோப்பு இருக்கும் கோப்புறையில் இருந்து, அதாவது முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோட்டோடு ஃபைல் என்று வருமே, அதில் இருந்து. என் மேசையில் அது ஒழுங்காக ஓடியது. ஆலையிலும் ஓடியது. முதல் நாள் ஐம்பது அறுபது நிறுவை பதிந்தார்கள், பின்னேரம் கூட்டுத்தொகை சரி. அடுத்த நாள் காலை திறந்தால் கணக்கு வெறுமை. பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை, ஒரு சுத்தமான புதுக் கோப்பு மட்டும்.

மேலே சொன்ன பொட்டலம் நினைவிருக்கிறதா? ஒன்ஃபைலாகக் கட்டியதும் அந்த "சொந்தக் கோப்பு" இருப்பது டெம்பிற்குள், ஓர் அடிக்கோடும் எம்இஐயுமாகத் தொடங்கி இலக்கங்களோடு முடியும் ஒரு கோப்புறையில். கணக்கும் அங்கேதான் எழுதப்பட்டது. மூடியபோது கோப்புறையோடு கணக்கும் போனது. நல்ல காலம், ஆலை ஐயா என்னை முழுதாக நம்பவில்லை; பக்கத்தில் கொப்பியிலும் எழுதி வைத்திருந்தார். அன்று இரவு அந்தக் கொப்பியைப் பார்த்து நான்தான் எல்லாவற்றையும் திரும்பத் தட்டினேன்.

ஆகவே கோப்புகளை இரண்டு சாதியாகப் பிரியுங்கள். புரோகிராம் வாசிக்க மட்டும் தேவையானவை, விலைப் பட்டியல், உதவிக் குறிப்பு மாதிரி, பொட்டலத்துக்குள் போகலாம். அவற்றை --ஆட்-டேட்டா போட்டுச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபைல் நொட் ஃபவுண்ட் என்று வரும். சேர்த்ததை உள்ளே தேட, அந்த இரட்டை அடிக்கோட்டு ஃபைலின் கோப்புறையே சரியான இடம். ஆனால் புரோகிராம் எழுதுகிற எதுவும், கணக்கோ பற்றுச்சீட்டோ, பொட்டலத்துக்கு வெளியே இருக்க வேண்டும். அதற்கு சிஸ் மொடியூலில் ஃப்ரோசன் என்பது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எக்ஸியாக ஓடுகிறீர்கள், அப்போது சிஸ்.எக்ஸிகியூட்டபிள் காட்டும் பாதையின் கோப்புறையை எடுங்கள், எக்ஸி இருக்கும் உண்மையான இடம் அது. இல்லாவிட்டால் வழக்கம்போல பிஒய் கோப்பின் கோப்புறை. நான்கு வரி, ஒரு சின்ன ஃபங்சன்.

சிலர் பாதையே கொடுக்காமல் வெறும் பெயரைக் கொடுத்து ஓப்பின் செய்வார்கள். அதுவும் ஓடும், ஆனால் கோப்பு எங்கே விழும் என்பது எங்கிருந்து திறந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கமாண்ட் புரொம்டில் திறந்தால் ஓர் இடம், டெஸ்க்டொப்பில் உள்ள சோர்ட்கட்டில் திறந்தால் அதில் ஸ்டார்ட் இன் என்று போட்டிருக்கும் இடம். இரண்டு கணக்குக் கோப்பு இரண்டு இடத்தில் வளர்ந்து, எது உண்மை என்று தெரியாமல் நிற்பீர்கள். எக்ஸியை புரோகிராம் ஃபைல்சுக்குள்ளும் வைக்க வேண்டாம், அங்கே சாதாரண பயனருக்கு எழுத அனுமதி கிடையாது. டி டிரைவில் ஒரு கோப்புறை போதும்.

கரண்ட் போனால் இன்னொன்றும் நடக்கும். புரோகிராம் தானாக மூடாதபடியால் எம்இஐ கோப்புறைகள் டெம்பில் அப்படியே தங்கும். எங்கள் பக்கத்தில் கரண்ட் போவது பற்றி நான் சொல்லத் தேவையில்லை. புரோகிராம் ஓடாத நேரத்தில் அவற்றை அழிக்கலாம், ஒன்றும் ஆகாது.

"திறக்க அரை நிமிசம் எடுக்குது"

ஒவ்வொரு முறையும் அவிழ்க்கிறது, அவிழ்த்ததை அன்டிவைரஸ் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கிறது, பழைய ஹார்ட் டிஸ்க், வேறு என்ன நடக்கும். --ஒன்ஃபைலை விட்டுவிட்டுக் கட்டுங்கள். அப்போது ஒரு கோப்புறையாக வரும், உள்ளே எக்ஸியும், பைஇன்ஸ்டாலர் 6 முதல் இன்டேர்னல் என்ற உள்கோப்புறையும். அவிழ்க்கும் வேலை இல்லை, உடனே திறக்கும். எக்ஸியை மட்டும் பிரித்து பென்ட்ரைவில் கொண்டு போகாமல் முழுக் கோப்புறையையும் கொண்டு போங்கள், டெஸ்க்டொப்பில் சோர்ட்கட் வையுங்கள். திரும்பக் கட்டும்போது டிஸ்டுக்குள் இருக்கும் பழைய கோப்புறை முழுதாக அழியும், அதற்குள் கணக்கு ஏதும் வைத்திருந்தால் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால், ஒரே கோப்பு என்ற ஆசை பார்க்க வடிவு, தினமும் பாவிக்கிறவருக்குக் கோப்புறைதான் நல்லது. ஆலையில் இப்போது ஓடுவது கோப்புறைதான்.

"அன்டிவைரஸ் பிடிச்சு வைச்சிருக்கு"

கட்டி முடித்த உடனே டிஸ்டில் எக்ஸியைக் காணவில்லை என்றாலும் இதுதான். வைரஸ் எழுதுகிறவர்களும் பைஇன்ஸ்டாலரைப் பாவிக்கிறார்கள், எல்லா எக்ஸிக்கும் முன்பகுதி ஒன்றாகவே இருக்கிறது, தானே தன்னை டெம்பில் அவிழ்க்கிற பழக்கமும் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கிறது. கோப்புறையாகக் கட்டினால் சந்தேகம் குறையும். யூபிஎக்ஸ் என்ற சுருக்கும் கருவி உங்கள் கணினியில் இருந்தால் --நோயூபிஎக்ஸ் போட்டு அதை விலக்குங்கள். பைஇன்ஸ்டாலரைப் புதுப்பித்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், அந்த ஒரு கோப்புறையை மட்டும் விலக்குப் பட்டியலில் சேருங்கள். அன்டிவைரஸையே நிறுத்திவிடச் சொல்லி ஆருக்கும் சொல்லாதீர்கள். ஊரில் உள்ள அத்தனை பென்ட்ரைவும் வந்து செருகப்படும் கணினி அது.

விண்டோஸ் நீலப் பெட்டி காட்டி உங்கள் கணினியைப் பாதுகாத்தோம் என்று சொன்னால் அது வேறு. இணையத்தில் இருந்து இறங்கிய, டிஜிட்டல் கையெழுத்து இல்லாத எக்ஸி என்பதால் வருவது. மோர் இன்ஃபோ, ரன் எனிவே. அனுப்பும்போது, ஜிமெயில் எக்ஸியை ஏற்காது, சிப் என்ற சுருக்கிய கோப்புக்குள் ஒளித்தாலும் ஏற்காது. பென்ட்ரைவ்தான் சுகம்.

"தமிழ் பெட்டி பெட்டியாக வருகுது"

பழைய கமாண்ட் புரொம்டின் எழுத்துருவில் தமிழ் இல்லை. எழுத்துரு கிடைத்தாலும் கொம்பும் காலும் தன்தன் இடத்தில் நிற்காது, ஏனென்றால் அந்த யன்னல் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு கட்டத்துக்குள் வைக்கப் பார்க்கிறது. விண்டோஸ் 10, 11இல் விண்டோஸ் டெர்மினலில் திறந்தால் நிலைமை கொஞ்சம் மேல். விண்டோஸ் 7இல் நான் மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டேன். கேள்விகளை எளிய ஆங்கிலத்தில் கேட்டு, பற்றுச்சீட்டை மட்டும் தமிழில் ஒரு டிஎக்ஸ்டி கோப்பாக எழுதி, அதை நோட்பேடில் திறக்க வைத்தேன். எழுதும்போது என்கோடிங்குக்கு (எழுத்துகளைச் சேமிக்கும் குறிமுறை) யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள், பழைய நோட்பேட் தடுமாறாது. வாசிக்கிற கோப்புகளுக்கும் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விண்டோஸ் தன் பழைய குறிமுறையில் வாசித்துக் குழப்பும், அல்லது யூனிகோட் டீகோட் எரர் என்று விழும்.

விவசாயிகளின் பெயர்ப் பட்டியலை யாராவது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டித் தந்திருந்தால் எந்த என்கோடிங்கும் கைகொடுக்காது. அது தமிழ் முகமூடி போட்ட ஆங்கில எழுத்து. யூனிகோடுக்கு மாற்றி எடுத்த பிறகு வாருங்கள்.

"மொடியூல் நொட் ஃபவுண்ட்"

பைதானில் ஓடுகிறது, எக்ஸியில் இல்லை என்றால் இரண்டு சாத்தியம். கணினியில் இரண்டு பைதான் இருந்து, மொடியூல் ஒன்றிலும் பைஇன்ஸ்டாலர் மற்றதிலும் இருக்கலாம். அதனால்தான் பைதான் -எம் பைஇன்ஸ்டாலர் என்று, பி, ஐ இரண்டையும் பெரிய எழுத்தில் தட்டிக் கட்டுவது நல்லது. எந்தப் பைதான் என்பதில் குழப்பம் இராது. பைஇன்ஸ்டாலர் என்ற கட்டளையே தெரியாது என்று விண்டோஸ் சொன்னாலும் இதே வழிதான். மற்றச் சாத்தியம், இம்போர்ட் நேரடியாக இல்லாமல் ஓடும்போது பெயரைக் கட்டி எடுக்கிற வகையாக இருப்பது. பைஇன்ஸ்டாலர் கோப்பை வாசித்துத்தான் எதைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கிறது, ஓட்டிப் பார்ப்பதில்லை. --ஹிடன்-இம்போர்ட் போட்டுப் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கோப்புக்கு சிஎஸ்வி.பிஒய், ரண்டம்.பிஒய் என்று பெயர் வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பைதானின் சொந்த மொடியூலை உங்கள் கோப்பு மறைத்துக்கொண்டு நிற்கும்.

"எக்ஸி நூற்றுக்கணக்கான எம்பி"

தரவு அலசும் பெரிய மொடியூலான பண்டாஸை இம்போர்ட் செய்திருப்பீர்கள். ஒரு சிஎஸ்வியில் வரி சேர்க்க பண்டாஸ் வேண்டாம், பைதானோடு வருகிற சிஎஸ்வி மொடியூல் போதும். சாதாரணக் கறுப்புத்திரைப் புரோகிராம் பத்து எம்பியை அண்டித்தான் வரும். மொடியூலை எடுத்தும் குறையவில்லை என்றால் வீஎன்வ் என்ற தனிப் பைதான் சூழல் ஒன்று உருவாக்கி, தேவையானதை மட்டும் அதற்குள் நிறுவி, அங்கிருந்து கட்டுங்கள்.

"பெர்மிசன் டினைட், திரும்பக் கட்ட விடுதில்லை"

பழைய எக்ஸி எங்கேயோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டாஸ்க் மனேஜரில் பார்த்து மூடுங்கள்.

"ஐகன் மாறேல்லை"

ஆலை ஐயா கடைசியாகக் கேட்டது இது, நெற்கதிர்ப் படம் ஒன்று வேண்டுமாம். --ஐகன் போட்டு ஐசிஓ கோப்பைக் கொடுத்துக் கட்டினேன், பார்த்தால் பழைய படமே நிற்கிறது. கட்டியதில் பிழை இல்லை, விண்டோஸ் பழைய ஐகனை நினைவில் வைத்துக்கொண்டு காட்டுகிறது. எக்ஸியின் பெயரை நெல்2 என்று மாற்றினேன், கதிர் வந்தது.